செலவு நோட்டில் இல்லாத ஒரு வரி

என் அத்தா ஒரு கல்யாணத்துக்கு ஒரு நோட்டு என்று வைத்திருந்தார். சிவப்பு அட்டை போட்ட, நீளமான கணக்கு நோட்டு. எங்கள் தொண்டி வீட்டுப் பரணில் அப்படி ஐந்து நோட்டுகள் இருக்கின்றன. முதலாவது 1978இல் நடந்த என் மூத்த ராத்தாவின் கல்யாண நோட்டு. ஐந்தாவது என் தம்பி மகனின் வலிமா நோட்டு. அப்போது அத்தா இல்லை, தம்பி எழுதினான்.

அத்தா எதையும் விடமாட்டார். அரிசி, நெய், ஆடு, விறகு, பந்தல், பண்டாரி கூலி, பண்டாரிக்குச் சுருட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேன்டில் நான்கு, குடிதண்ணீர் வண்டி என்று வரி வரியாக எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் கூட்டல், அதன் கீழே கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வரலாறு கற்பித்தவள் நான். ஒரு காலத்தின் வாழ்க்கையை அறிய இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது என்று நினைத்திருந்தேன். அந்த ஆவணத்தில் இல்லாத ஒரு வரியைக் கவனிக்க எனக்கு அறுபது வயது ஆனது. விருந்து முடிந்த பிறகு அந்த இடத்தைச் சுத்தம் செய்தது யார், அதற்கு என்ன ஆனது என்பதுதான் அந்த வரி.

1978 எனக்கு நினைவிருக்கிறது. எனக்குப் பதின்மூன்று வயது. வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை பந்தல். எங்கள் கரையோர ஊர்களில் அப்போது சஹன் சாப்பாடுதான். அகலமான ஒரு தட்டில் நெய்ச்சோறும் கறியும் வைப்பார்கள். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து அதிலேயே சாப்பிடுவார்கள். பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே சஹனில் கை வைப்பதை நாங்கள் பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெருமையில் உண்மை உண்டு.

சஹன்களும் பெரிய தேக்சாக்களும் ஜமாஅத்துக்குச் சொந்தமானவை. கல்யாண வீட்டார் எடுத்துப்போய், தேய்த்து, எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் அதைக் கொடுத்தவரின் பெயர் வெட்டியிருக்கும். எல்லாம் ஆண்களின் பெயர். அந்தப் பெயர்கள் தேயத் தேயக் கழுவியவர்கள் பெண்கள்.

கழுவுவது லேசான வேலை இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது. நெய்யும் கறிக்கொழுப்பும் உறைந்த பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றினால் பிசுக்கு இன்னும் பரவும். அதனால் முதலில் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுக் காய்ந்த நாரால் துடைத்தெடுப்பார்கள். சாம்பல் கொழுப்பைக் குடித்துவிடும். பிறகு சீயக்காய்த் தூள். அடிப்பிடித்த தேக்சாவுக்கு இரவு முழுக்க ஊறல், காலையில் மணல். பித்தளை அண்டாவுக்குப் புளி. அலசுவதெல்லாம் உப்புத் தண்ணீரில். காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீர் கடைசியாக ஒரே ஒரு தடவை. ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்பக்கம் மணல் படக்கூடாது, ஈயம் போய்விடும். இதையெல்லாம் என் அம்மாவும் பெரியம்மாவும் யாரிடமும் படிக்கவில்லை. ஏதாவது தப்பாகச் செய்தால் என் கையில் ஒரு தட்டு விழும், அதுதான் பாடம்.

ஆண்கள் பந்தியோடு வேலை முடிந்தது. பெண்களுக்குப் பந்தி முடிந்த பிறகு மூன்று நாள். எங்களுக்குத் துணையாக ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வருவார். என் அம்மா வயது. நாங்கள் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். எலும்பையும் எச்சிலையும் அள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. கூலியாக மிஞ்சிய சோறும் கறியும் அவருடைய தூக்குவாளியில் போகும். நாங்கள் பெருமைப்பட்ட சஹனில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அத்தாவின் நோட்டில் மேன்டிலுக்கு வரி உண்டு. அம்மாவுக்கு இல்லை, பெரியம்மாவுக்கு இல்லை, அவருக்கும் இல்லை.

இதையெல்லாம் நான் யோசிக்கத் தொடங்கியது ஐந்தாவது நோட்டால். தம்பி மகனின் வலிமாவுக்கு மண்டபம் பார்த்தார்கள், வாடகை கட்டுப்படியாகவில்லை. “நாமளே செஞ்சுக்கலாம் மாமி, செலவு பாதியாயிரும்” என்றார்கள் அவனும் கூட்டாளிகளும். எனக்கும் அது பிடித்திருந்தது. தெருவில் பந்தல். பிள்ளைகள் இரண்டு வாரம் உட்கார்ந்து காகிதப் பூ செய்தார்கள், தெர்மகோலில் மணமக்கள் பெயரை வெட்டினார்கள். நானூறு பேருக்குச் சாப்பாடு. பையன்கள் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். எல்லோரும் பாராட்டினார்கள்.

நாலு மணிக்குப் பையன்கள் படம் எடுக்கக் கடற்கரைக்குப் போனார்கள். பெரியவர்கள் கொஞ்சம் சாய்ந்தார்கள். கொல்லையில் நாங்கள் ஒன்பது பெண்கள் இருந்தோம். மேசையில் விரித்த தாள், பாக்குமட்டைத் தட்டு, கப், தண்ணீர் பாட்டில், தால்சா, எலும்பு, காகிதப் பூ எல்லாம் ஒரே குவியல். யாருக்கும் பிரிக்கத் தெம்பு இல்லை. வாடகைக்கு எடுத்த கண்ணாடி டம்ளர்களில் சில உடைந்திருந்தன. சில்லுகளைத் தாளில் சுற்றி அரிசிச் சாக்கில் போட்டேன். இருட்டிய பிறகு சாக்குகளைத் தெருமுனையில் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் தெருவைப் பெருக்க வரும் பெண் சாக்கைத் தூக்கினார். சில்லு தாளைக் கிழித்து, சாக்கைக் கிழித்து, அவர் உள்ளங்கையைக் கிழித்தது. கையைச் சேலையில் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். சண்டை போடவில்லை. “கண்ணாடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தனியா எடுத்திருப்பேம்மா” என்றார். நான்கு தையல். தம்பி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தான், கொஞ்ச நாள் கூலியும் கொடுத்தான். நோட்டில் எழுதினான். பிறகு நான் புரட்டிப் பார்த்தபோது அந்தத் தொகைக்கு எதிரே ‘இதர செலவு’ என்று இருந்தது.

சுற்றிப் போட்டது என் கை. அதனால் அந்த வார்த்தையைக் கடந்துபோக முடியவில்லை. நாங்களே செய்தோம் என்று சொன்ன விருந்தை உண்மையில் முடித்துவைத்தவர் அவர்.

‘நாமே செய்துகொள்ளும் கல்யாணம்’ என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று அதைத்தான் சொல்கிறோம். இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. மந்திரம் வேண்டாம், சடங்கு வேண்டாம், வீண் செலவு வேண்டாம். மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் போதும் என்பது எவ்வளவு பெரிய பேச்சு! அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும், விவாகரத்து உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தக் கல்யாணங்கள் சட்டத்தில் நிற்க நாற்பது ஆண்டு போராட வேண்டியிருந்தது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்ட பிறகுதான் அவை செல்லுபடியாயின.

இந்த வரலாற்றில் சாப்பாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1924-25இல் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலையே திருப்பியது. யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வியை அதன் பிறகு யாரும் ஒதுக்க முடியவில்லை. சமபந்தி ஒரு அரசியல் சொல்லானது. சுயமரியாதைத் திருமணங்களைப் பற்றி அந்தக் காலப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை நான் மாணவியாக இருந்தபோதும் ஆசிரியையாக இருந்தபோதும் படித்திருக்கிறேன். யார் தலைமை வகித்தார், யார் பேசினார், யார் நன்றி கூறினார் என்றெல்லாம் விவரமாக இருக்கும். இப்போது அவற்றை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் பார்த்த செய்திகளில், நன்றி கூறியதோடு கல்யாணம் முடிந்துவிடுகிறது. இலையை எடுத்தவரை எனக்குக் காணக் கிடைக்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. புரோகிதரை வெளியே அனுப்பிய தலைமுறை அது. அந்த வேலையே பெரிது. ஆனால் பந்தியில் யார் உட்காரலாம் என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. பந்தி எழுந்த பிறகு யார் குனிவது? எச்சில் இலையை எடுப்பது சாதியோடு ஒட்டிய வேலை. வீட்டுக்குள் அது பெண்ணின் வேலை. வீட்டு வாசலைத் தாண்டியதும் தலித்தின் வேலை. பெரும்பாலும் தலித் பெண்ணின் வேலை. சாதி பார்க்க மாட்டோம் என்று சொல்லும் எங்கள் வீட்டிலும் 1978இல் அப்படித்தான் இருந்தது. நான்கு தையல் விழுந்த காலையிலும் அப்படித்தான் இருந்தது.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். 1969இல் பிலடெல்பியாவில் மியர்ல் லேடர்மன் யூக்கலிஸ் என்ற கலைஞர், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, பராமரிப்பு வேலையும் கலைதான் என்று ஓர் அறிக்கை எழுதினார். புரட்சியெல்லாம் முடிந்த மறுநாள் குப்பை அள்ளப் போவது யார் என்பது அதில் அவர் கேட்ட கேள்வி. 1973இல் ஓர் அருங்காட்சியகத்தின் படிகளைத் தானே தேய்த்துக் கழுவி, இதுவும் காட்சிதான் என்றார். பிறகு நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையோடு சேர்ந்து, 1979-80இல், அங்கிருந்த சுமார் 8,500 துப்புரவுப் பணியாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். படித்தபோது அந்தக் கைகுலுக்கல் எனக்கு வேறு மாதிரி இருந்தது. எனக்கு ஒரு கை தெரியும். அதில் தையல் இருக்கிறது.

நம் அரசாங்கக் கணக்கிலும் இந்த வரி ரொம்ப நாள் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்கிற பெண், ‘வேலை செய்யாதவர்’ பட்டியலில்தான் வருகிறாள். நேரப் பயன்பாட்டை அளக்கும் முதல் பெரிய கணக்கெடுப்பு 1998-99இல் ஆறு மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. நாடு முழுவதற்குமான கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அப்போது அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். ஈடுபட்ட ஆண் 97 நிமிடம். அந்த வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம்; ஆண்கள் 26.1 சதவீதம். இது சாதாரண நாள் கணக்கு. கல்யாண நாளின் கணக்கு எங்கள் கொல்லையில் இருந்தது.

குப்பையைப் பற்றியும் சட்டம் பேசத் தொடங்கிவிட்டது. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துகிறவர், குறைந்தது மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும், குப்பையை அந்த இடத்திலேயே தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. நாங்கள் சொல்லவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. காகிதம்தானே என்று நாங்கள் வாங்கிய கப்பின் உட்பக்கம் வழவழப்பாக இருந்தது. அந்த வழவழப்பு பிளாஸ்டிக். எங்கள் தெருவிலிருந்து பறந்தால் அது போய்ச் சேரும் இடம் பாக் நீரிணைக் கடல்.

சஹனில் சாப்பிட்ட காலத்தில் இந்தக் குப்பை இல்லை. உடனே சிலர், பழைய காலமே நல்லது, சஹனுக்குத் திரும்புவோம் என்பார்கள். நானும் ஆசையாகத்தான் நினைத்தேன். பிறகு அம்மாவின் விரல் நினைவுக்கு வந்தது. சாம்பலும் உப்புத் தண்ணீரும் தின்ற விரல். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் அவரால் மீன் ஆய முடியாது, உப்பு பட்டால் எரியும். குப்பையில்லாத அந்தக் காலத்தின் விலையை அந்த விரல்கள் கொடுத்தன. குப்பை வந்ததும் விலை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது, இன்னொரு பெண்ணின் உள்ளங்கைக்கு. சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் தேய்க்கும் கையைக் கேட்காமல் சஹனைச் சொல்லக்கூடாது.

இந்த வருடம் என் தங்கை மகளுக்கு நிக்காஹ். மறுபடி வீட்டில்தான். சாப்பாட்டுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தபோது, சுத்தம் செய்யவும் ஒரு பட்டியல் போட வேண்டும் என்றேன். “கல்யாணத்துக்கு முன்னாடியே குப்பையப் பத்திப் பேசுறது நல்லாவா இருக்கு?” என்றார் மூத்த ராத்தா. தம்பி, “ஆம்பளைங்க சஹன் கழுவுனா ஊர் என்ன சொல்லும்?” என்றான். ராத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. “நபிகள் நாயகம் வீட்டுல இருந்தா வீட்டு வேலைதான் செஞ்சாங்கன்னு ஆயிஷா நாயகி சொல்லியிருக்காங்க. ஊர் அவங்களையும் ஏதாச்சும் சொல்லுச்சா?” என்று கேட்டார். பிறகு யாரும் பேசவில்லை. ராத்தா என் பக்கம் வந்தது அப்படித்தான்.

செய்தது இவ்வளவுதான். உள்ளாட்சி அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம். சஹன் பாதி, வாழையிலை பாதி. கப் வாங்கவில்லை; எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுத்தோம். பந்தலின் கடைசியில் மூன்று தொட்டிகள் வைத்தோம். இலையும் சோறும் ஒன்றில், எலும்பு ஒன்றில், காய்ந்தது ஒன்றில். உடைவதற்கு ஒரு மூடி போட்ட தகர டின்; அதன் மேல் ‘கண்ணாடி’ என்று என் கையாலேயே எழுதினேன். சாப்பிட்டவர் எழுந்ததும் தன் இலையைத் தானே தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். வயதானவர்களுக்கு மட்டும் விலக்கு. மிஞ்சிய சோற்றை மூன்று மணிக்குள் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். தால்சா அதற்கு மேல் தாங்காது. பாத்திரம் தேய்க்கப் பையன்கள் ஆறு பேர், பெண்கள் நான்கு பேர், முறை வைத்து. பந்தல் கால் குழிகளை மூடுவது தம்பி பொறுப்பு.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பாதிப் பேர் இலையை அப்படியே விட்டு எழுந்தார்கள். இரண்டு பையன்கள் ஒரு மணி நேரத்தில் காணாமல் போனார்கள். ஒருவன் ஈயம் பூசிய தேக்சாவின் உட்பக்கத்தை மணல் போட்டுத் தேய்த்துவிட்டான். ராத்தா அவன் கையில் ஒரு தட்டு தட்டினார். கடைசி அண்டாவைப் பெண்கள்தான் கவிழ்த்தோம். ஆனால் இரவு பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டது. மூன்று நாள் ஆகவில்லை.

மறுநாள் தெருவுக்கு வரும் அந்த அக்காவை விருந்துக்கு முந்தின வாரமே போய்ப் பார்த்திருந்தேன். அன்றைய கூடுதல் வேலைக்கு என்ன கூலி வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டு வீட்டில் முகம் சுளித்தார்கள். “சோறு கறியெல்லாம் குடுக்குறோமே” என்றாள் தங்கை. சோறு விருந்து, கூலி கூலி என்றேன். அவரும் அவர் மகளும் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் சஹனில் கூடச் சாப்பிட இரண்டு பேர் வந்து உட்காரக் கொஞ்ச நேரம் ஆனது. நானும் ராத்தாவும் போய் உட்கார்ந்தோம். அவர் வலது கையால் சோற்றை அள்ளும்போது தழும்பு தெரிந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை.

ஆறாவது நோட்டை நான் எழுதினேன். அரிசி, நெய், ஆடு, விறகு, பண்டாரி. அதற்குக் கீழே ‘சுத்தம்’ என்று ஒரு தலைப்பு. தெரு வேலைக்குக் கொடுத்த கூலியை எழுதினேன். அடுத்து, வீட்டில் வேலை செய்த பத்துப் பேரின் பெயரையும் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதினேன். பெண்கள் நான்கு பேரின் நேரத்தைக் கூட்டினால், பையன்கள் ஆறு பேரின் நேரத்தைவிட அது அதிகம். தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, “மணிக்கு என்ன ரேட்டுன்னு எழுதலையே?” என்று சிரித்தான்.

தொகைக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். என்ன எழுதுவது என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.